ஷேர்டு லைப்ரரி வெர்ஷன் மோதல்: கிளவுட் சர்வரில் மென்பொருள் நிறுவுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய சர்வரில் வருடக்கணக்காக ஓடிய புரோகிராம். புது உபுண்டு 22.04 சர்வருக்கு மாற்றிய அன்று, ஒரு வரி எரரோடு நின்றுவிடுகிறது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஷேர்டு லைப்ரரிகளின் வெர்ஷன், அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் கோடு ஃபைல்களின் வெர்ஷன். இந்த நிலையில் என்னிடம் வந்தவர்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

"லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 ஃபைலைத் திறக்க முடியவில்லை" என்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் சர்வரில் இருக்கிறதே, பிறகு ஏன்?

இருக்கிறது, ஆனால் வேறு பெயரில் இருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எல் என்பது நெட்வொர்க் தொடர்பை மறைகுறியாக்கும் லைப்ரரி, லிப்எஸ்எஸ்எல் அதன் ஃபைல். உங்கள் புரோகிராமைக் கம்பைல் செய்தபோது "எனக்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 வேண்டும்" என்று அதற்குள் எழுதிவைத்துவிட்டார்கள். இந்த முழுப் பெயருக்கு எஸ்ஓநேம் என்று பெயர். கடைசியில் வரும் 1.1 பெயரின் ஒரு பகுதி. புரோகிராம் கிளம்பும்போது, லைப்ரரிகளைத் தேடி ஏற்றும் டைனமிக் லோடர் அந்தப் பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும். "கிட்டத்தட்ட இதுதான்" என்று எதையும் எடுத்துக்கொடுக்காது.

ஓபன்எஸ்எஸ்எல் 3.0 செப்டம்பர் 2021-இல் வெளிவந்தது. உள்ளமைப்பு மாறியதால் எஸ்ஓநேமும் மாறி, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3 ஆனது. உபுண்டு 20.04-இல் 1.1 இருந்தது. 22.04 அதைக் கைவிட்டு 3.0-க்குப் போய்விட்டது. 20.04-க்காகக் கட்டப்பட்ட புரோகிராம்கள் 22.04-இல் கூட்டமாக விழுந்ததற்கு இதுதான் காரணம். மாங்கோடிபி டேட்டாபேஸின் 5.0 வெர்ஷனைப் போட முயன்று இதே இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். 22.04-க்கான பேக்கேஜ் 6.0 வரிசையில்தான் வந்தது.

அப்படியானால் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு 1.1 என்று ஒரு சிம்லிங்க் (ஒரு ஃபைலை இன்னொரு பெயரில் சுட்டும் குறுக்குவழி) போட்டால் முடிந்ததா?

தயவுசெய்து வேண்டாம். வேறொருவரின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போவது போன்ற வேலை இது. ஓபன்எஸ்எஸ்எல் விஷயத்தில் வாசலிலேயே பிடித்துவிடுவார்கள். அந்த லைப்ரரியின் ஒவ்வொரு ஃபங்ஷன் மீதும் ஒரு வெர்ஷன் முத்திரை இருக்கிறது. பழைய புரோகிராம் "ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0" முத்திரையைக் கேட்கும், புது ஃபைலில் அது இருக்காது, எரரின் வாசகம் மட்டும் மாறும். அது நல்ல காலம். முத்திரை இல்லாத லைப்ரரிகளும் உண்டு. அங்கே புரோகிராம் கிளம்பி, ஓடி, பாதி வழியில் மெமரியைத் தவறாகப் படித்து விழும். விழாமல் தப்பான விடையைத் தந்துகொண்டே இருந்தால் இன்னும் மோசம்.

சிம்லிங்க் சரியாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உபுண்டு 24.04-இல் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1 என்ற ஃபைல் லிப்ஏஐஓ.எஸ்ஓ.1டி64 ஆகிவிட்டது. 2038-ஆம் ஆண்டுக்குப் பிறகான தேதிகளை 32-பிட் கணினிகளும் கையாள வேண்டும் என்பதற்காக நடந்த பெரிய பெயர்மாற்றத்தின் ஒரு பகுதி அது. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டார் ஃபைலை இறக்கி 24.04-இல் ஓட்டினால் லிப்ஏஐஓ கிடைக்கவில்லை என்று நிற்பது இதனால்தான். 64-பிட் சர்வரில் உள்ளே எதுவும் மாறவில்லை, பெயர் மட்டும்தான் மாறியது. அதனால் இங்கே சிம்லிங்க் பாதுகாப்பானது. பெயர் ஏன் மாறியது என்று தெரிந்த பிறகே லிங்க் போட வேண்டும்.

எந்த லைப்ரரி குறைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எல்டிடி. புரோகிராமுக்கு எந்தெந்த லைப்ரரி வேண்டும், அவை எங்கே கிடைக்கின்றன என்று காட்டும் கட்டளை அது. புரோகிராமின் முழுப் பாதையோடு ஓட்டுங்கள். இப்படி வரும்:

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 => நாட் ஃபவுண்ட்
லிப்கிரிப்டோ.எஸ்ஓ.1.1 => நாட் ஃபவுண்ட்
லிப்கர்ல்.எஸ்ஓ.4 => /ஆப்ட்/பழையஆப்/லிப்/லிப்கர்ல்.எஸ்ஓ.4
லிப்சி.எஸ்ஓ.6 => /லிப்/எக்ஸ்86_64-லினக்ஸ்-குனு/லிப்சி.எஸ்ஓ.6

எல்லோர் கண்ணும் முதல் இரண்டு வரியிலேயே நின்றுவிடும். மூன்றாவது வரியைப் பாருங்கள். லிப்கர்ல் கிடைத்திருக்கிறது, ஆனால் சிஸ்டத்தின் இடத்திலிருந்து இல்லை. என்றோ நிறுவி மறந்துபோன ஒரு புரோகிராமின் ஃபோல்டரிலிருந்து வருகிறது. "கிடைக்கவில்லை" என்பதைவிடத் "தவறான இடத்தில் கிடைத்திருக்கிறது" என்பதுதான் அதிக நேரத்தைத் தின்னும். அம்புக்குறியின் வலப்பக்கத்தை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

எங்கிருந்தோ வந்த, நம்பிக்கையில்லாத ஃபைல் மீது எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சமயம் அது அந்தப் புரோகிராமையே ஓட்டிவிடக்கூடும். அங்கே ஆப்ஜ்டம்ப் -பி என்று கொடுத்து, நீடட் என்று தொடங்கும் வரிகளைப் பார்த்தால் போதும். இன்னும் ஆழமாகப் போக வேண்டுமானால், எல்டி_டீபக்=லிப்ஸ் என்று முன்னால் வைத்துப் புரோகிராமை ஓட்டுங்கள். லோடர் எந்தெந்த ஃபோல்டரில் தேடியது, எங்கே எடுத்தது என்று வரிவரியாகக் கொட்டும்.

குறையும் ஃபைல் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்பதற்கு உபுண்டு, டெபியனில் ஆப்ட்-ஃபைல் சர்ச் (இந்த ஆப்ட் பேக்கேஜ் நிறுவும் கருவி, /ஆப்ட் ஃபோல்டர் வேறு). ரெட்ஹேட் குடும்பத்தில் டிஎன்எஃப் புரொவைட்ஸ்.

லோடர் எந்த வரிசையில் தேடுகிறது?

புரோகிராமுக்குள் ஆர்பாத் (லைப்ரரியைத் தேட வேண்டிய ஃபோல்டர்) எழுதியிருந்தால் முதலில் அங்கே. அடுத்து எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறி. அதன்பின் புரோகிராமுக்குள் ரன்பாத் (ஆர்பாத்தின் புது வடிவம்) இருந்தால் அது. பிறகு /எட்சி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற பட்டியல். கடைசியாக /லிப், /யுஎஸ்ஆர்/லிப். ரன்பாத் இருந்தால் ஆர்பாத்தைக் கண்டுகொள்ளாது.

அந்தக் கேஷைப் புதுப்பிப்பதுதான் எல்டிகான்ஃபிக் கட்டளையின் வேலை. சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப்-இல் போட்ட லைப்ரரி "கண்முன்னே இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை" என்றால், பெரும்பாலும் எல்டிகான்ஃபிக் ஓட்ட மறந்திருப்பீர்கள். ஓட்டிவிட்டு எல்டிகான்ஃபிக் -பி என்று கேட்டுப் பட்டியலில் பெயர் ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்டி_லைப்ரரி_பாத்தை ப்ரொஃபைலில் (லாகின் செய்யும்போது படிக்கப்படும் ஃபைலில்) போட்டுவிடலாமா? எல்லாம் ஓடிவிடுகிறதே.

ஓடும், வேறு எது நின்றுபோனது என்று தெரிய ஒரு வாரம் ஆகும். நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில், ஒரு வணிக மென்பொருளின் இன்ஸ்டாலர் தன் /ஆப்ட் ஃபோல்டரை இப்படி /எட்சி/ப்ரொஃபைல்.டி-யில் எழுதிவைத்துவிட்டது. அந்த மென்பொருள் அருமையாக ஓடியது. மறுநாள், இணைய முகவரியிலிருந்து தகவல் இறக்கும் கர்ல் கட்டளை "வெர்ஷன் தகவல் இல்லை" என்று எச்சரிக்கத் தொடங்கியது. அதன்பின் கோடு வெர்ஷன்களை நிர்வகிக்கும் கிட் கருவி ஒரு ரெப்போவையும் (கோடு களஞ்சியத்தையும்) எடுக்க மறுத்தது. நெட்வொர்க் கோளாறு என்று எண்ணி ஃபயர்வாலையும் டிஎன்எஸ்ஸையும் இரண்டு நாள் துழாவினேன். கடைசியில் எல்டிடி கட்டளையைக் கர்ல் மீதே ஓட்டியபோதுதான் தெரிந்தது: சிஸ்டத்தின் கர்ல், அந்த மென்பொருள் தன்னோடு கொண்டுவந்த பழைய லிப்கர்லை எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த மாறி, லாகின் செய்யும் எல்லாருடைய எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும். ஒரு புரோகிராமுக்குத் தேவையானதை அந்தப் புரோகிராமுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, அதற்குள் மாறியை வைத்துப் புரோகிராமைக் கிளப்புவது எளிய வழி. அதைவிட நல்லது, கட்டப்பட்ட புரோகிராமுக்குள் இருக்கும் பாதைகளை மாற்றும் பேட்ச்எல்ஃப் கருவி. --செட்-ஆர்பாத் என்று கொடுத்து '$ஒரிஜின்/../லிப்' என்று எழுதிவிட்டால், புரோகிராம் தன் பக்கத்து ஃபோல்டரில் இருக்கும் லைப்ரரியைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒற்றை மேற்கோள் குறி முக்கியம். விட்டால் டாலர் குறியை ஷெல் விழுங்கிவிடும்.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, சிஸ்டம்டி சர்வீஸாக வைத்தால் லைப்ரரி இல்லை என்கிறது.

சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, உங்கள் பாஷ்ஆர்சியையோ ப்ரொஃபைலையோ படிப்பதில்லை. நீங்கள் மாறியை அங்கே வைத்திருக்கிறீர்கள். சர்வீஸ் ஃபைலில் என்வைரன்மென்ட்= வரியில் எழுதுங்கள், அல்லது மேலே சொன்ன பேட்ச்எல்ஃப் வழிக்குப் போங்கள். நிர்வாகி உரிமையோடு ஓட்டும் சூடோவும் அந்த மாறியைக் கழற்றிவிட்டுத்தான் புரோகிராமை ஓட்டும்.

"ஜிலிப்சி_2.28 கிடைக்கவில்லை" என்று வருகிறது. இதுவும் அதே பிரச்சினைதானா?

உறவுக்காரப் பிரச்சினை, ஆனால் இதைத் தனியாகவும் பயபக்தியோடும் கையாள வேண்டும்.

ஜிலிப்சிதான் சி மொழியின் அடிப்படை லைப்ரரி. எல்எஸ், சிபி, பாஷ், எஸ்எஸ்எச், ஆப்ட் என்று கிட்டத்தட்ட எல்லாமே அதன்மீதுதான் நிற்கின்றன. அதன் ஃபைல் பெயர் லிப்சி.எஸ்ஓ.6. 1997-இல் வந்த 2.0 முதல் இன்றுவரை அதே 6. பெயரை மாற்றாமல், உள்ளே ஃபங்ஷன்களுக்கு மட்டும் ஜிலிப்சி_2.17, ஜிலிப்சி_2.28 என்று முத்திரை குத்திக்கொண்டே வருகிறார்கள். பழைய முத்திரைகளைத் தூக்கி எறிவதில்லை. அதனால் பழைய சர்வரில் கட்டியது புதியதில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று சொல்ல முடியாது.

உங்கள் சர்வரில் எது இருக்கிறது என்பதை எல்டிடி --வெர்ஷன் முதல் வரியிலேயே சொல்லும். சென்ட்ஓஎஸ் 7-இல் 2.17. அமேசான் லினக்ஸ் 2-இல் 2.26. உபுண்டு 18.04-இல் 2.27. டெபியன் 10-இலும் ரெட்ஹேட் 8-இலும் 2.28. உபுண்டு 20.04-இல் 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. நோட்.ஜேஎஸ் 18 ஏப்ரல் 2022-இல் வந்தபோது, அதன் அதிகாரப்பூர்வ பைனரிக்குக் குறைந்தது 2.28 வேண்டும் என்றாகிவிட்டது. இந்தப் பட்டியலோடு அதை ஒப்பிட்டாலே, எந்தெந்த சர்வர்களில் இந்த எரர் வந்திருக்கும் என்று புரிந்துவிடும். உபுண்டு 18.04 ஒரே ஒரு படியில் கோட்டைவிட்டது.

இந்த இடத்தில்தான் பலர் புது ஜிலிப்சியை இறக்கிக் கம்பைல் செய்து, லிப்சி.எஸ்ஓ.6 சிம்லிங்க்கை அதன்மேல் திருப்பிவிடுகிறார்கள். அந்த என்டர் தட்டிய நொடியிலிருந்து எல்எஸ் வேலை செய்யாது. சிபி வேலை செய்யாது. தப்பைத் திருத்த வேண்டிய எல்என் கட்டளையும் வேலை செய்யாது. புதிதாக யாரும் எஸ்எஸ்எச்சில் உள்ளே வரவும் முடியாது. ஏனென்றால் லோடரும் லிப்சியும் ஒரே வெர்ஷனாக, ஜோடியாக இருக்க வேண்டியவை. ஒன்றை மட்டும் மாற்றினால் எதுவும் கிளம்பாது.

செய்துவிட்டீர்கள் என்றால் திறந்திருக்கும் எஸ்எஸ்எச் விண்டோவை மட்டும் மூடிவிடாதீர்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாஷுக்குப் பழைய லிப்சி மெமரியில் இருக்கிறது, அது சாகாது. சென்ட்ஓஎஸ் 7 என்றால், அந்த விண்டோவிலேயே எல்டி_ப்ரீலோடு=/லிப்64/லிப்சி-2.17.எஸ்ஓ என்று முன்னால் வைத்து, எல்என் -எஸ்எஃப் கொடுத்து லிங்க்கைப் பழைய இடத்துக்கே திருப்பலாம். விண்டோ மூடிவிட்டதென்றால், சர்வரை நிறுத்தி, அதன் பூட் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு நல்ல சர்வரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அங்கிருந்து லிங்க்கைச் சரிசெய்து, திரும்ப மாட்ட வேண்டும். சொந்த அறையில் இருக்கும் கணினியை விடக் கிளவுட் சர்வரில் இது எளிது. ஆனாலும் அரை மணி நேரம் தளம் கிடக்கும். ஸ்நாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுத்துவைத்திருந்தால் இதில் எதுவுமே தேவைப்படாது.

சரி, ஜிலிப்சியைத் தொடக்கூடாது. வேறு என்னதான் செய்வது?

ஓஎஸ்ஸை உயர்த்துவதுதான் நேர்வழி. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு ஜூன் 30, 2024-இல் முடிந்துவிட்டது. கிளவுடில் புது சர்வர் ஒன்றை எடுத்து, அங்கே நிறுவிச் சோதித்து, பிறகு முகவரியை மாற்றிவிடலாம். பழையதை அதே இடத்தில் உயர்த்துவதைவிட எனக்கு இதுவே பிடிக்கும். ஏதாவது தவறினால் பழையது அப்படியே நிற்கிறது.

அது இப்போது முடியாதென்றால் கன்டெய்னர் (கீழே டாக்கர் பற்றிய கேள்வியைப் பாருங்கள்). அதுவும் முடியாதென்றால், புரோகிராமின் சோர்ஸை அந்தப் பழைய சர்வரிலேயே கம்பைல் செய்யுங்கள். இருக்கும் ஜிலிப்சியோடு இணைந்துகொள்ளும், கம்பைலர் போதுமான அளவு புதிதாக இருந்தால். புது ஜிலிப்சியை /ஆப்ட்-இல் தனியாக வைத்து, பேட்ச்எல்ஃப் மூலம் அந்த ஒரு புரோகிராமின் லோடரையும் ஆர்பாத்தையும் அங்கே திருப்பும் வழியும் இருக்கிறது. வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்து அதைப் பராமரிக்கப்போகிறவரை நினைத்து, எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

"ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30" என்று கேட்கிறதே, அது வேறா?

வேறு. அது சி++ லைப்ரரி, லிப்எஸ்டிடிசி++.எஸ்ஓ.6. ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் வெர்ஷனோடு 3.4.30 வந்தது. பைத்தான் சூழல்களை நிர்வகிக்கும் காண்டா கருவியை வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி வரும்: சிஸ்டத்தில் புதியது, காண்டா சூழலுக்குள் பழையது, எது முதலில் லோடாகிறதோ அதுவே நிலைக்கும். காண்டா சூழலுக்குள்ளேயே அந்த லைப்ரரியை உயர்த்துங்கள்.

ஆப்ட் "அன்மெட் டிபென்டென்சிஸ்" என்று மறுக்கிறது. பழைய உபுண்டுவின் ரெப்போவை (பேக்கேஜ் களஞ்சியத்தை) சேர்த்துவிட்டால் தீருமா?

டிபிகேஜி -ஐ போட்டு டெப் ஃபைலை நிறுவினீர்களா என்று முதலில் பாருங்கள். அது சார்ந்த பேக்கேஜ்களை இழுத்துவராது. அதே ஃபைலை ஆப்ட் இன்ஸ்டால் ./ஃபைல்பெயர் என்று கொடுத்தால் இழுத்துவரும். பாதிக் கேஸ்கள் இங்கேயே முடிந்துவிடும்.

22.04 சர்வரில் 20.04-இன் ரெப்போவைச் சேர்க்காதீர்கள். இரண்டு காலத்துப் பேக்கேஜ்கள் ஒரே பட்டியலில் கலந்துவிடும், அடுத்த அப்கிரேடில் எது எதை இழுக்கும் என்று கணிக்க முடியாது. லிப்எஸ்எஸ்எல்1.1 டெப் ஃபைலை மட்டும் தனியாக இறக்கி நிறுவுவது தொழில்நுட்பப்படி நடக்கும். எஸ்ஓநேம் வேறு என்பதால் 3-ஓடு மோதாமல் பக்கத்தில் உட்காரும். ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு செப்டம்பர் 11, 2023-இல் முடிந்தது. உங்கள் 22.04-இன் வழக்கமான அப்டேட்டும் அந்த ஃபைலைத் தொடாது. உள் நெட்வொர்க்கில் ஒரு மாதத் தற்காலிக ஏற்பாடு என்றால் ஒப்புக்கொள்வேன். இன்டர்நெட்டைப் பார்த்து நிற்கும் சர்வரில் இதை வைக்க மாட்டேன். ரெட்ஹேட் 9-இல் இருப்பவர்களுக்குக் காம்பேட்-ஓபன்எஸ்எஸ்எல்11 என்று பேக்கேஜே இருக்கிறது.

எதை நிறுவுவதானாலும் ஆப்ட்-கெட் -எஸ் இன்ஸ்டால் என்று ஒத்திகை பாருங்கள். ஒன்றும் நிறுவாது, என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். அந்தப் பட்டியலில் "ரிமூவ்" என்று ஒரு வரி இருந்தால், அதை முழுதாகப் படிக்காமல் ஒய் தட்டாதீர்கள்.

இந்தத் தலைவலியெல்லாம் எதற்கு? எல்லாவற்றையும் ஸ்டாடிக்காகவே, லைப்ரரிகளைப் புரோகிராமுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன?

கோ மொழியில் எழுதியவை பல அப்படித்தான் வருகின்றன, நிம்மதியாக ஓடுகின்றன. ஆனால் ஏப்ரல் 2014-இல் ஓபன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, ஷேர்டு லைப்ரரி வைத்திருந்தவர்கள் லிப்எஸ்எஸ்எல்லை ஒருமுறை அப்டேட் செய்து, சர்வீஸ்களை ரீஸ்டார்ட் செய்தார்கள். அதைப் பயன்படுத்திய எல்லாப் புரோகிராமும் சரியாயின. ஸ்டாடிக்காக இருந்திருந்தால் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து மறுபடி கட்ட வேண்டியிருந்திருக்கும்.

பைத்தானில் வென்வ் (பேக்கேஜ்களுக்கான தனிச் சூழல்) போட்டால் தப்பித்துவிடலாமா?

பைத்தான் பேக்கேஜ்கள் அளவில் தப்பிக்கலாம். அவற்றுக்கு அடியில் இருக்கும் ஜிலிப்சி சிஸ்டத்தினுடையதுதான். பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் கருவி இறக்கும் வீல் (பேக்கேஜ்) ஃபைலின் பெயரில் மெனிலினக்ஸ்_2_28 என்று இருந்தால் ஜிலிப்சி 2.28 வேண்டும் என்று அர்த்தம். மெனிலினக்ஸ்2014 என்றால் 2.17 போதும். /யுஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 லிங்க்கை மட்டும் புது வெர்ஷனுக்குத் திருப்பிவிடாதீர்கள். சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பல அதை நம்பி இருக்கின்றன.

டாக்கர் கன்டெய்னர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. கன்டெய்னர் தன் லைப்ரரிகளைத் தானே சுமந்துவரும். சர்வரோடு பகிர்ந்துகொள்வது ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை மட்டும்தான். பழைய புரோகிராமுக்குப் பழைய உபுண்டு இமேஜ், புதியதற்குப் புதியது, இரண்டும் ஒரே சர்வரில் பக்கத்து பக்கத்தில்.

அல்பைன் என்ற சிறிய லினக்ஸின் இமேஜில் ஒரு பொறி உண்டு. அங்கே ஜிலிப்சி கிடையாது, மஸல் என்ற வேறு சி லைப்ரரி. ஜிலிப்சிக்காகக் கட்டிய பைனரியை அங்கே வைத்து ஓட்டினால் "நாட் ஃபவுண்ட்" என்று மட்டும் வரும். எல்எஸ் போட்டால் ஃபைல் அங்கேதான் இருக்கும். காணாமல் போனது உங்கள் ஃபைல் இல்லை, அது கேட்கும் லோடர். டெபியன் ஸ்லிம் இமேஜுக்கு மாறினால் தீரும். "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" என்று வந்தால் லைப்ரரியைத் தேடாதீர்கள். பெரும்பாலும், கிராவிட்டான் போன்ற ஆர்ம் வகைச் செயலி உள்ள சர்வரில் எக்ஸ்86 வகைச் செயலிக்கான பைனரியை ஓட்டுகிறீர்கள்.

லைப்ரரியை அப்டேட் செய்துவிட்டேன். இனி எல்லாம் புதியதைத்தான் பயன்படுத்துமா?

இனிமேல் கிளம்பும் புரோகிராம்கள் மட்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை பழைய ஃபைலையே மெமரியில் பிடித்துக்கொண்டிருக்கும், டிஸ்க்கிலிருந்து அது அழிந்த பிறகும். /ப்ராக் ஃபோல்டரில் அந்தப் புராசஸின் எண்ணுக்குள் மேப்ஸ் ஃபைலைத் திறந்து பாருங்கள். லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் "டெலீட்டட்" என்று நிற்கும். நீட்ரீஸ்டார்ட் கட்டளை இப்படிப்பட்டவற்றைப் பட்டியலிட்டுத் தரும். என்ஜின்எக்ஸ், டேட்டாபேஸ், உங்கள் ஆப் என்று அதில் இருக்கும் ஒவ்வொன்றையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பட்டியல் காலியாகும்வரை மறுபடி ஓட்டுங்கள்.